கேரேஜை அறையாக மாற்றும்போது சுவரில் ஓதம் வராமல் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி நிறுத்தக் கட்டிய கேரேஜைப் படுக்கையறையாகவோ அலுவலக அறையாகவோ மாற்ற நினைப்பவர்கள் டைல்ஸ், விளக்கு, ஏசி என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். சுவரின் ஞாபகம் வருவது புதுப் பெயிண்ட் கொப்புளிக்கும்போது. அதற்குள் சுவரை மறைக்க ஜிப்சம் போர்டு அடித்து, அலமாரி வைத்து, எல்லாம் முடிந்திருக்கும். சுவரை மூடுவதற்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நடுவில் இடைவெளி விடாமல் செங்கல்லையோ பிளாக்கையோ வைத்து ஒரே கட்டாகக் கட்டிய திடச் சுவர்களுக்கு இவை பொருந்தும்.

வீட்டுச் சுவரில் வராத ஓதம் கேரேஜ் சுவரில் மட்டும் ஏன் வருகிறது?

கேரேஜ் சுவரை யாரும் குடியிருக்கும் சுவராக நினைத்துக் கட்டுவதில்லை. பல இடங்களில் அது அரைக்கல் சுவர், அதாவது நாலரை அங்குலம்தான். ஒன்பது அங்குலம் இருந்தாலும் வெளியே பூச்சு இருக்காது, அல்லது ஒரே கோட்டில் முடித்திருப்பார்கள். தரை, வண்டி ஏறி இறங்க வசதியாக, வெளி மட்டத்தை ஒட்டியே இருக்கும். மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. அடுக்கு சில கேரேஜ்களில் கிடையவே கிடையாது.

இத்தனை குறை இருந்தும் கேரேஜாக இருந்தவரை அந்தச் சுவர் பெரிய தொந்தரவு தராததற்குக் காரணம் உண்டு. ஷட்டர் இடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டே இருந்தது. மழையில் நனைந்த சுவர் உள்பக்கமும் வெளிப்பக்கமும் காய்ந்தது. அறையாக மாற்றும்போது ஷட்டரை அடைத்து, ஜன்னலை இறுக்கி, உள்பக்கத்தைப் போர்டால் மூடிவிடுகிறோம். கூடவே மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். ஓர் ஆள் எட்டு மணி நேரம் தூங்கினாலே மூச்சிலும் வியர்வையிலுமாகக் கால் லிட்டருக்கு மேல் நீர் காற்றில் கலக்கிறது. உள்ளே வரும் ஈரம் கூடுகிறது, வெளியேறும் வழி குறைகிறது.

சுவரில் ஈரம் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த வேலையிலும் இதுதான் முக்கியமான கட்டம். இதைத் தாண்டிப் போய் ஏதோ ஒரு வாட்டர்ப்ரூஃப் டப்பாவை வாங்கிப் பூசுவதால்தான் பணம் வீணாகிறது. குழாய்க் கசிவை விட்டுவிட்டால் ஈரம் மூன்று வழிகளில் வரும்: கீழே மண்ணிலிருந்து ஏறும், வெளியே மழையிலிருந்து ஊறும், அல்லது உள்ளேயிருக்கும் காற்றின் நீராவியே குளிர்ந்த சுவரில் படிந்து நீராகும்.

மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் அடியில் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குப் படுக்கைக் கோடாகக் கறை விடும். பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. அந்தக் கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பூச்சு பொரிந்து உதிரும்.

மழையிலிருந்து ஊறுவது திட்டுத் திட்டாக இருக்கும். ஜன்னல் ஓரம், மழைநீர்க் குழாய் இறங்கும் இடம், கைப்பிடிச் சுவருக்குக் கீழே, காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் பக்கம் என்று இடம் பார்த்து வரும். மழை பெய்து சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கறை அடர்ந்து, வெயில் அடித்தால் மங்கும்.

நீராவி படிவது மூலைகளிலும் பீரோவின் பின்புறமும் தரையை ஒட்டிய பகுதியிலும் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்க வைக்கும். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. உப்பும் பூக்காது.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். சமையலறையில் பயன்படுத்தும் அலுமினியத் தாளில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் இதே நேரம் வந்து முதலில் தாளின் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் அது அறைக் காற்றிலிருந்து வந்தது. வெளிப்புறம் காய்ந்திருந்து, தாளை உரித்தால் உள்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதென்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு பிரச்சினையும் இருக்கிறது. அப்படி இருப்பதும் அபூர்வமில்லை. அடியில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று ஒட்டினால் ஈரம் எந்த உயரம்வரை போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அவசரம் இல்லையென்றால் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிக் கவனித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் என் ஆலோசனை.

ஈரம் காட்டும் கருவியை வைத்துப் பார்த்தேன், முள் எகிறுகிறது. நம்பலாமா?

இரண்டு ஊசி வைத்த சாதாரணக் கருவிகள் மரத்துக்காக அளவிடப்பட்டவை. அவை பார்ப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைத்தான். சுவரில் உப்பு இருந்தாலே, சுவர் ஓரளவு காய்ந்திருந்தாலும் முள் எகிறும். ஒரே சுவரில் எந்த இடம் அதிகம், எந்த இடம் குறைவு என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அந்த எண்ணைக் காட்டி யாராவது பெரிய வேலைக்கு விலை சொன்னால், சுவரில் துளையிட்டுத் தூளை எடுத்துச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

வேலையை உள்ளே தொடங்குவதா, வெளியே தொடங்குவதா?

வெளியே. சந்தேகமே வேண்டாம். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி ஒரு நடை போங்கள். கூரை நீர் குழாயில் இறங்குகிறதா, இல்லை சுவரில் வழிகிறதா என்று பாருங்கள். ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போனால் போதும், அந்த இடத்தில் சுவர் வருடம் முழுக்க நனைந்தே கிடக்கும்.

அடுத்தது தரை மட்டம். டி.பி.சி. இருக்கும் மட்டத்துக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம் கீழேதான் வெளித் தரை இருக்க வேண்டும். தரையில் விழுந்து தெறிக்கும் மழைத்துளி அந்த அடுக்குக்கு மேலே போய்ச் சுவரை நனைக்கக் கூடாது என்பதற்காக வைத்த கணக்கு இது. வருடக்கணக்கில் நடைபாதைக்கு மேல் நடைபாதை போட்டு, மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைத்து இந்த ஆறு அங்குலத்தை எத்தனையோ வீடுகளில் விழுங்கியிருப்பார்கள். டி.பி.சி. நல்ல நிலையில் இருந்தும் மண் அதைத் தாண்டி மேலே இருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். மண்ணை வெட்டி எடுத்து, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். மண்ணை எடுக்க முடியாத இடத்தில் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம் தோண்டி, நீர் வெளியேற வழி வைத்து ஜல்லி நிரப்பலாம். ஜல்லியில் விழும் துளி அவ்வளவாகத் தெறிக்காது.

அப்புறம் சுவரின் முகம். செங்கல் இணைப்புகளில் கலவை உதிர்ந்திருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பாயிண்டிங் செய்யுங்கள். செங்கல் பழையதாக, மென்மையானதாக இருந்தால் கெட்டியான சிமெண்ட் கலவையை வைக்காதீர்கள்; சுண்ணாம்புக் கலவைதான் அதற்குச் சரி. கலவை செங்கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், செங்கல் முகம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். ஜன்னல் அடிக்கல்லின் கீழ்ப்பக்கம் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். நீர் சுவரை நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டி விழ ஒரு சின்னக் காடி இருக்க வேண்டும். பெயிண்டால் அடைபட்டிருந்தால் சுரண்டி எடுங்கள்.

வெளிச்சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதாதா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. தடித்த தோல் மாதிரி படியும் பெயிண்ட் புதிதாக இருக்கும்வரை மழையைத் தடுக்கும். எங்காவது மயிரிழை வெடிப்பு விட்டால் அதன் வழியாக நீர் உள்ளே போகும், ஆனால் தோல் இருப்பதால் திரும்பக் காய்ந்து வெளியே வராது. சில மழைக்காலங்களில் பெயிண்ட் கொப்புளித்துப் பாளம் பாளமாக உரியும்.

சிலேன், சிலோக்சேன் எனப்படும் சிலிக்கான் சார்ந்த ரசாயனப் பூச்சுகள் வேறு மாதிரி. அவை செங்கல்லின் துளைகளுக்குள் ஊறி, துளைகளை அடைக்காமல் அவற்றின் உட்பரப்பை மட்டும் நீர் ஒட்டாததாக ஆக்குகின்றன. மழைநீர் உருண்டு ஓடும், உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாக வெளியேறும். அரைக்கல் சுவருக்கு நான் இந்த வகையையே பரிந்துரைப்பேன். ஆனால் வெடிப்பையும் உதிர்ந்த பாயிண்டிங்கையும் அது சரிசெய்யாது. அவற்றை முடித்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும்.

டி.பி.சி. இல்லாத பழைய சுவருக்கு என்ன வழி?

அடிவரிசைக் கலவையில் சுமார் 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு, சிலேன் கிரீமைச் செலுத்துவதுதான் இப்போது அதிகம் நடக்கும் முறை. கிரீம் கலவைக்குள் பரவி, நீரை மேலே இழுக்காத ஒரு பட்டையை உண்டாக்கும். இந்த வேலைக்குப் போவதற்கு முன், கீழிருந்து ஏறும் ஈரம்தான் என்பது உறுதியாக வேண்டும். வெளி மண்மட்டம் உயர்ந்திருப்பதோ, பூச்சு தரைவரை இறங்கி ஈரத்தை மேலே கடத்துவதோ காரணமாக இருந்தால் எத்தனை துளை போட்டாலும் பயன் இருக்காது.

துளையிட்ட பிறகு ஈரம் ஏறியிருந்த உயரத்துக்கு மேலும் ஓர் அடிவரை உள்பூச்சை உடைத்தெடுப்பது அவசியம். காரணம் உப்பு. மண்ணிலிருந்து வரும் நைட்ரேட், குளோரைடு உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் ஏறுவது நின்ற பிறகும், பழைய பூச்சு இருந்தால் காற்றில் ஈரப்பதம் கூடும் நாட்களில் அதே இடம் மறுபடி நனைந்து தெரியும்.

பூச்சை உடைத்ததும் செங்கல்லில் வெள்ளைப் பொடி தெரிகிறது. கழுவிவிடலாமா?

தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழும் பொடியை அள்ளி அப்புறப்படுத்துங்கள். சில வாரங்களில் மறுபடி பூக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் சுவர் காய்கிறது என்று அர்த்தம்.

தரைக்கு என்ன செய்ய வேண்டும்?

சுவரையும் தரையையும் தனித்தனி வேலையாகப் பார்த்தால் இரண்டும் சேரும் மூலையில் ஈரம் வழி கண்டுபிடித்துவிடும். பழைய கான்கிரீட் தளத்துக்கு அடியில் பாலித்தீன் போட்டிருப்பார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். தளத்தின் மேல் 1200 கேஜ், அதாவது சுமார் 300 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களை டேப்பால் ஒட்டி, ஓரங்களைச் சுவரில் மேலே மடித்து டி.பி.சி.யோடு சேர்க்க வேண்டும். இந்த இணைப்பைக் கொத்தனார் செய்யும்போது கூடவே நில்லுங்கள். பிறகு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஷீட்டை விரிப்பதற்கு முன் தளத்தைச் சுத்தமாகப் பெருக்குங்கள்; ஒரு சிறு கல் போதும், கிழித்துவிடும்.

மேலே போடும் கலவைத் தளம் 50 மில்லிமீட்டர் தடிமன்வரை நல்ல காற்றோட்டத்தில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் காயும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் தடிமன் கூடக் கூட இன்னும் மெதுவாகும். மரத்தளம் போடுவதானால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே கூடாது.

ஷட்டர் இருந்த இடத்தை அடைக்கும்போது?

பழைய தளத்தின் விளிம்பின் மேல் நேராகச் செங்கல் வைத்து ஏற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்த இடத்தில் அஸ்திவாரம் இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். புதுச் சுவருக்குக் கட்டாயம் டி.பி.சி. வைத்து, அதைத் தரை ஷீட்டோடு சேருங்கள். வண்டிப் பாதை வீட்டை நோக்கிச் சரிவாக இறங்கினால், பெருமழையில் வரும் நீர் முழுவதும் இந்தப் புதுச் சுவரில்தான் வந்து நிற்கும். அங்கே கம்பி மூடி போட்ட ஒரு வடிகாலை அகலம் முழுக்க வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் செங்குத்துக் கோடு நாளடைவில் விரிசல் விடும். கலவையை மட்டும் நம்பாமல், உலோகப் பட்டைகளால் இரண்டையும் பிணைத்து, வெளிக்கோட்டை நெகிழ்வான சீலன்ட்டால் அடையுங்கள்.

உள்பக்கத்தை எப்படி முடிப்பது? பூச்சா, போர்டா?

சுவர் ஒன்பது அங்குலமாகவும் ஈரப் பிரச்சினை தீர்ந்ததாகவும் இருந்தால் சுண்ணாம்புப் பூச்சும், நீராவியை வெளியே விடும் ‘சுவாசிக்கும்’ பெயிண்டும் போதும். ஈரம் ஏறிய சுவரில் ஜிப்சம் பூச்சைப் போடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி மென்மையாகிவிடும்.

அரைக்கல் சுவர் என்றால் கதை வேறு. பலத்த மழையில் அது உள்முகம்வரை நனையும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். சுவரை விட்டு சுமார் 50 மில்லிமீட்டர் தள்ளி, அதைத் தொடாமல், தரையிலும் கூரையிலும் பிடிமானம் கொடுத்து ஒரு சட்டகம் நிறுத்துவதுதான் எனக்குப் பிடித்த முறை. கால்வனைஸ்டு சேனலாகவோ, மருந்தேற்றிய மரமாகவோ இருக்கலாம். மரம் என்றால் அடிச்சட்டத்தின் கீழே டி.பி.சி. பட்டை போட வேண்டும். சட்டங்களுக்கு நடுவே வெப்பத்தடுப்புப் பொருள், அதற்கு மேல் போர்டு. பின்னாலிருக்கும் இடைவெளிக்குக் காற்று வெளியிலிருந்து வந்து வெளியே போக வேண்டும். அதற்காகச் சுவரின் அடியிலும் மேலேயும் சிறு திறப்புகள் விட வேண்டும். அறைக்குள் இருக்கும் காற்று அந்த இடைவெளிக்குள் நுழையக் கூடாது. சுவிட்ச் பெட்டி, குழாய்த் துளை எல்லாவற்றையும் சீலன்ட் வைத்து அடைக்கச் சொல்வது இதனால்தான். அறையில் சுமார் நாலு அங்குலம் போகும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்த நாலு அங்குலத்தைக் கொடுப்பது நல்லது.

இடம் மிச்சம் பிடிக்க, ஆங்காங்கே கலவை உருண்டை வைத்துப் போர்டை நேராகச் சுவரில் ஒட்டுவதும் உண்டு. நனையும் சுவரில் இது வேண்டாம். ஒவ்வொரு உருண்டையும் ஈரத்தைப் போர்டுக்குக் கடத்தும். சில மாதங்களில் போர்டின் முகத்தில் உள்ளங்கை அளவு வட்ட வட்டமாக, உருண்டை வைத்த அதே வரிசையில் கறை தெரியும்.

சுவரின் ஒரு பக்கம் மண் இருந்தால், அதாவது அறை பாதி பூமிக்குள் இருந்தால், மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. புடைப்புகள் கொண்ட வடிகால் ஷீட்டைச் சுவரில் பொருத்தி, வரும் நீரைக் கீழே வாய்க்காலில் சேர்த்து வெளியேற்ற வேண்டும். அதற்குத் தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

நீராவித் தடுப்பு ஷீட்டை எந்தப் பக்கம் போடுவது?

ஒருவர் உள்ளே என்பார், இன்னொருவர் வெளியே என்பார். இருவர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரியாக இருக்கலாம். நீராவி பொதுவாக வெப்பமான, ஈரமான பக்கத்திலிருந்து குளிர்ந்த, உலர்ந்த பக்கத்துக்கு நகரும். குளிர் தேசத்தில் அறைக்குள் ஹீட்டர், வெளியே குளிர். நீராவி உள்ளிருந்து வெளியே போகும், போகிற வழியில் குளிர்ந்த செங்கல்லைத் தொட்டதும் நீராகும். அங்கே ஷீட் அறைப் பக்கம், போர்டுக்குப் பின்னாலேயே வர வேண்டும்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் ஏசி ஓடும் அறையில் எல்லாம் தலைகீழ். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். ஏசியால் 24 டிகிரியில் இருக்கும் உள்பக்கத்தில் பாலித்தீனோ வினைல் வால்பேப்பரோ இருந்தால், வெளியிலிருந்து வரும் நீராவி அதன் பின்னால் வந்து தேங்கும். முன்னால் பளிச்சென்று இருக்கும் வால்பேப்பரைக் கிழித்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் உள்பக்கத்தைச் சுவாசிக்க விட்டு, தடுப்பை வெளிப்பக்கமாக வைக்க வேண்டும்.

குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் ஊர் என்றால் முழுத் தடுப்பைத் தவிர்த்து, சுவர் இரண்டு பக்கமும் காயக்கூடிய பொருள்களைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. எந்த ஊரானாலும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தையும் நீராவி போகாதபடி அடைக்காதீர்கள்.

நனைந்த சுவர் காய எத்தனை நாள் ஆகும்?

நல்ல காற்றோட்டத்தில் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் சீக்கிரம் காயலாம். வேகமாகக் காய வைக்க ஹீட்டரைக் கொளுத்துவதைவிட, ஜன்னலை அடைத்து ஈரப்பதம் குறைக்கும் இயந்திரத்தை ஓட்டுவது மேல்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் ஓதம் போய்விடுமா?

வெளிக்காற்று உலர்ந்திருந்தால் போகும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். குளிர்காலத்தில் வெளிக்காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கினால் அது அறையை உலர்த்தும். புழுக்கமான மழை நாளில் ஜன்னலைத் திறப்பது அறைக்குள் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுவது போலாகும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை அறையில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கேரேஜில் குளியலறையும் சேர்த்துக் கட்டினால், விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், அதன் குழாய் கூரைக்குள் முடியாமல் வெளியே போக வேண்டும்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்துவிட்டது. என்ன செய்வது?

முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ஜிப்சம் போர்டுக்குள் ஊறிப் பரவியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிவதுதான் சரி. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த வேலை முடியும்வரை அங்கே வர வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு எதைக் கவனிப்பது?

பீரோ, அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கூரை நீர்க் குழாயை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் சுத்தம் செய்யுங்கள். போர்டு அடிக்கும்போதே, மழை அதிகம் அடிக்கும் சுவரின் அடியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்ன மூடியை வைக்கச் சொல்லுங்கள். முதல் பெருமழை முடிந்ததும் அதைக் கழற்றி, டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டு அடிச்சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் மூடிவிடலாம். நனைந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், அப்போதும் ஈரமாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.